முப்பத்தொன்பது புள்ளி நான்கு

என் கைப்பேசியில் பதினொரு விநாடி வீடியோ ஒன்று இருக்கிறது. எடுக்கவே இல்லை என்று இதுவரை மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். அம்மா தூங்குகிறார். அப்பாவுக்கு இந்த வாரம் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இரவு வேலை. நான் சமையலறைத் தரையில் ஐஸ்பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். விடிந்தால் திங்கட்கிழமை. எட்டரை மணிக்குப் பள்ளியில் ஒரு கூட்டம் நடக்கும். அதில் கார்த்திகேசு அங்கிளின் வேலை போய்விடும். எங்கள் பள்ளி மண்டபத்தைப் பதினான்கு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருப்பவர். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். என் கைப்பேசிக்கும் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நானும் காமினியும் படிவம் நான்கில் படிக்கிறோம். பள்ளிக் கைப்பந்துக் குழுவில் ஒரே ஜோடி. அவள் பந்தைத் தூக்கிக் கொடுப்பாள், நான் அடிப்பேன். இந்த வருஷம் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் கோச் சிக்கந்தர் மார்ச் மாதமே சொல்லிவிட்டார். ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குதிக்கிற உயரத்தைப் பார்ப்பார்களாம். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குதித்தால் நம் பெயர் மாநிலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

அளப்பதற்கு ஒரு மேட் வந்தது. கறுப்பு ரப்பர் விரிப்பு, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு சின்னப் பெட்டி. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விரிப்பின்மேல் நின்று, சட்டென்று குனிந்து, நேர்மேலே குதிக்க வேண்டும். பாதம் விரிப்பை விட்ட கணத்திலிருந்து மறுபடி தொடுகிற கணம்வரை பெட்டி நேரத்தை எண்ணும். அந்த நேரத்தை உயரமாக மாற்றிச் சிவப்பு எண்ணில் காட்டும். ஒருத்தி குதிப்பாள், அவளுடைய ஜோடி பக்கவாட்டில் நின்று படம் எடுப்பாள், கோச் எண்ணை உரக்கப் படித்து நோட்டில் எழுதுவார். இதுதான் எங்கள் முறை.

"இடுப்பு, முட்டி, கணுக்கால்! வரிசை மாறக் கூடாது!" என்று கோச் கத்திக்கொண்டே இருப்பார். "மேல போறப்ப இடுப்பு மொதல்ல நீளும், அப்பறம் முட்டி, கடைசியா கணுக்கால். எறங்குறப்ப அப்படியே தலகீழ். நுனிக்கால், குதிகால், முட்டி, இடுப்பு. பூன மாதிரி எறங்கணும். நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மாதிரி பொத்துன்னு விழக் கூடாது!"

சொல்வார். ஆனால் நாங்கள் மேட்டில் ஏறிவிட்டால் அவர் கண் பெட்டியின்மேல்தான் இருக்கும். முட்டியைப் பார்க்க மாட்டார்.

என்னுடைய எண் எப்போதும் முப்பத்தாறு. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் கால் ஓய்ந்துபோய் இருந்தேன். குதித்தேன். இறங்கும்போது காலை நீட்டக்கூடச் சோம்பலாக இருந்தது. முட்டியை மடக்கியபடியே விழுந்தேன்.

"நாப்பது புள்ளி ரெண்டு!" என்று கோச் கைதட்டினார். "பாத்தீங்களா, சோறு ஒழுங்கா சாப்ட்டா இப்படித்தான்!"

நான் சோறே சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் புரிந்தது. காலை நீட்டி இறங்கினால் பாதம் சீக்கிரம் தரையைத் தொடும். காலை மேலே இழுத்துக்கொண்டால் தரை வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். பெட்டிக்கு அந்தத் தாமதம் உயரமாகத் தெரிகிறது. நான் ஒரு சென்டிமீட்டர்கூட அதிகமாகக் குதிக்கவில்லை.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் பழகினேன். கீழ்வீட்டு அக்கா துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார். அடுத்த செவ்வாய் என் எண் நாற்பத்தொன்று.

காமினி விடவில்லை. கேண்டீனில் என் தட்டிலிருந்து ஒரு கறிபப்பை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படிடி ஒரே வாரத்துல அஞ்சு சென்டி ஏறுச்சு? பச்ச முட்ட குடிக்கிறியா?"

"ஆமா, ஓட்டோட."

"வெளையாடாத லா. எனக்கு முப்பத்தஞ்சர மேல ஏறவே மாட்டேங்குது. அப்பா என்ன சொல்லிட்டாரு தெரியும்ல? மாநிலத்துக்கு எடுத்தா வெளையாடு, இல்லன்னா ஜூன்லருந்து டியூஷன். பந்த தொடவே கூடாது."

அவளுடைய அப்பா சொக்கநாதன் அங்கிளுக்கு லிட்டில் இந்தியாவில் இரண்டு துணிக்கடை. சொன்னால் சொன்னதுதான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

"சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன்.

"எங்கம்மா மேல சத்தியம்."

"போன வாரமும் உங்கம்மா மேலதான் சத்தியம் பண்ண."

"அது வேற சத்தியம்டி. சொல்லு."

சொன்னேன். அவள் என்னைவிட நல்ல ஆட்டக்காரி. அவள் இல்லாமல் மாநிலக் குழுவில் எனக்கு யார் பந்து தூக்கிக் கொடுப்பார்கள்? அதனால் சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் மாநிலத்துக்கு அனுப்பும் எண்ணை அளக்கிற நாள். விடியற்காலையில் மழை. பக்கவாட்டுக் கதவு வழியாக மண்டபத்துக்குள் தண்ணீர் வந்திருந்தது. கார்த்திகேசு அங்கிள் ஏழு மணிக்கே வந்து துடைத்துவிட்டார். நாங்கள் பத்தரைக்குப் போனபோது தரை காய்ந்திருந்தது. வாளியும் மாப்பும் மட்டும் கதவோரத்தில் நின்றன. மேட் நகராமலிருக்க நான்கு மூலையிலும் அவரே டேப் ஒட்டிக் கொடுத்தார்.

"இந்தப் பொண்ணுங்க பூரா மேலயே பறக்குதுங்க" என்றார் கோச்சிடம். "அப்பறம் எதுக்குய்யா நான் தரைய தொடைக்கிறது?"

"ஒரு நாள் எறங்குவாங்கண்ணே" என்றார் கோச். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஆளுக்கு மூன்று முறை. அதில் உயர்ந்தது கணக்கு. நான் முதல் முறையிலேயே நாற்பத்தொன்று எடுத்துவிட்டேன். காமினிக்கு முதலில் முப்பத்தாறு புள்ளி ஒன்று. அடுத்தது முப்பத்தேழு புள்ளி இரண்டு. மூன்றாவது முறைக்கு அவள் நின்றபோது முகம் வெளுத்திருந்தது. நான் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பதிவை அழுத்தினேன். அவள் குனிந்தாள், எழும்பினாள், நான் கத்தினேன்.

"மடக்குடி! இன்னும் மடக்கு!"

மடக்கினாள். மிகவும் தாமதமாக மடக்கினாள். இறங்குவதற்குள் இடது காலை நீட்ட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. நுனிக்கால் தொடவில்லை, குதிகால்தான் முதலில் விழுந்தது, அதுவும் மேட்டின் ஓரத்தில். முட்டி ஏற்கெனவே மடங்கிக் கிடந்ததால் அது இன்னும் மடங்கி எடையை வாங்க வழியில்லை. உள்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு சத்தம் கேட்டது. வேர்க்கடலை ஓட்டை விரலால் நசுக்குவது போல, ஆனால் பெரிதாக.

அவள் மேட்டைத் தாண்டித் தரையில் விழுந்து கிடந்தாள். முதலில் கத்தவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"ஐஸ்! யாராச்சும் ஐஸ் கொண்டாங்க! யா அல்லா, கால தொடாதீங்க!" என்று கோச் ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். பெட்டியில் எண் எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்பது புள்ளி நான்கு. யாரும் அணைக்கவில்லை. வெகுநேரம் எரிந்தது.

சொக்கநாதன் அங்கிள் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. மகளைப் பார்த்தார், மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், கதவோரத்தில் இருந்த வாளியைப் பார்த்தார். பிறகு அங்கே நின்றவர்களில் என்னைத்தான் தேர்ந்தெடுத்துக் கேட்டார். நான்தான் அவர் வீட்டுக்கு வந்து போகிறவள்.

"தர ஈரமா இருந்துச்சு. அதான?"

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். வாயைத் திறந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு தலையாட்டல் அதற்குப் பிறகு தானாகவே நடந்துபோனது. அங்கிளிடமிருந்து தலைமையாசிரியரிடம், அவரிடமிருந்து துப்புரவுக் குத்தகைக்காரரிடம், அங்கிருந்து ஒரு கடிதமாக.

கார்த்திகேசு அங்கிள் பதறிப்போய் முன்னால் வந்தார். "ஐயா, நான் ஏழு மணிக்கே தொடச்சேங்கையா. அப்பவே காஞ்சி போச்சு. இந்தப் பாப்பா பாத்துச்சே. நீ பாத்தல்ல பாப்பா?"

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

மறுநாள் கோச் போன் செய்தார். "ஷர்மினி, வீடியோ எடுத்தியே, அனுப்பு."

"ஸ்டோரேஜ் ஃபுல் கோச். ரெக்கார்ட் ஆகல."

"சரி விடு." அவர் மறுபடி கேட்கவில்லை. கொஞ்சம் நிம்மதியடைந்தது போலக்கூட இருந்தது.

பட்டியல் புதன்கிழமை வந்தது. என் பெயருக்கு நேரே 41.0. காமினியின் பெயருக்கு நேரே 39.4, பக்கத்தில் 'காயம், குணமானதும் சேர்க்கப்படும்' என்று ஒரு வரி. அவளுக்கு முட்டிக்குள் ஏசிஎல் என்ற இணைப்பு நார் முழுதாக அறுந்துவிட்டது. வீக்கம் வடிந்த பிறகுதான் அறுவை சிகிச்சை. அதுவரை காலில் கம்பிக்கூடு மாட்டி வீட்டில் படுத்திருக்கிறாள்.

போன வியாழக்கிழமை, பட்டியலில் இருந்தவர்களை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே உமா என்று ஒருவர். எங்களைப் போலப் பதினாறு பேரை மதியத்துக்குள் முடிக்க வேண்டும் அவருக்கு. பேச நேரமில்லாத முகம். என் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றிலும் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டினார். தரையோடு தரையாக ஓர் இரும்புத் தட்டு பதித்திருந்தது. அதன்மேல் குதிக்கச் சொன்னார். குதித்தேன். பழக்கத்தில் கால் தானாக மடங்கியது.

திரையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மேட்ல நாப்பத்தொண்ணா? இங்க முப்பத்தஞ்சு புள்ளி எட்டுதான் வருது."

முட்டியில் ஒட்டியிருந்த உருண்டையைப் பார்த்தேன்.

"மேட் நீ காத்துல இருந்த நேரத்த மட்டும்தான் எண்ணும். இந்தத் தட்டு நீ தரைய எவ்வளவு பலமா தள்ளுனன்னு பாக்குது. அத ஏமாத்த முடியாது." திரையில் என்னைக் கோடுகளாக ஓட விட்டார். மூன்று புள்ளி, இரண்டு கோடு. அந்தக் கோட்டுப் பெண் மேலே போனாள், காலை இழுத்துக்கொண்டாள், மடங்கியபடி விழுந்தாள். "பாரு, எறங்கறதுக்கு முன்னாடியே முட்டிய முக்காவாசி செலவழிச்சிட்ட. எறங்கி என்னத்த மடக்குவ? மிச்சம் என்ன இருக்கு? யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"யாரும் இல்லக்கா."

"இப்ப ஒத்தக் கால்ல இறங்கி அசையாம நில்லு. பத்து எண்ணுற வரைக்கும்."

நின்றேன். ஆடாமல் அசையாமல் நின்றதாகத்தான் நினைத்தேன். முடிந்ததும் அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் எடை பாதத்துக்குள் எங்கெங்கே ஓடியது என்று அது வரைந்திருந்தது. சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரி இருந்தது.

"என்னா இப்படி நடுங்குற? சாப்பிடலயா?" என்றார். பிறகு உருண்டைகளைக் கழற்றிக்கொண்டே, "உங்க ஸ்கூல் பொண்ணு ஒண்ணுக்குத்தான அடிபட்டுச்சு? அந்தப் பிள்ளையோட பிசியோ என்கிட்ட கேட்டாங்க. ரிப்போர்ட்ல வழுக்கி விழுந்தான்னு இருக்கு. வழுக்குனா கால் ஓடிப்போகும். இது அப்படித் தெரியல. யாராச்சும் வீடியோ எடுத்தீங்களா?"

"இல்லக்கா."

"இருந்தா நல்லாருக்கும். எப்படித் தப்பா எறங்குனான்னு தெரியாம ஆபரேஷன் பண்ணி அனுப்புனா, திரும்பி வந்து அதையேதான் செய்வா. அப்பறம் அடுத்த முட்டி." அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். என் தாளில் 41.0ஐ அடித்துவிட்டு வேறு எண் எழுதினார்.

மூன்றாவது பொய் அதுதான். முதல் பொய் கோச்சிடம், இரண்டாவது காமினியிடம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வாசலில் கார்த்திகேசு அங்கிளைப் பார்த்தேன். இரண்டு வாரமாக அவரை உள்ளே விடவில்லை. மழைக்கோட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துப்போக வந்திருந்தார். ஜுருவிலிருந்து பாலம் தாண்டி வருகிற பழைய மோட்டார் சைக்கிள் ஓரமாக நின்றது. நான் வேறு பக்கம் திரும்புவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"பாப்பா, நில்லு. அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"ஆபரேஷன் இருக்கு அங்கிள்."

"ம்." மழைக்கோட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "திங்கக்கெழம மீட்டிங். லெட்டர் எழுதி வச்சிட்டாங்களாம், கையெழுத்துதான் பாக்கி. நீ எனக்காக பேச வேணாம். பாத்தத சொன்னா போதும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"உங்கப்பா என்னா வேல செய்றாரு?"

"பேக்டரி அங்கிள். புக்கிட் தெங்கா."

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றார். குரல் கடினமாகிவிட்டது. "கவனக்குறைவுன்னு ஒரு லெட்டர் வந்துருச்சுன்னா, அப்பறம் எவன் வேலைக்கு எடுப்பான்னு அவர்கிட்ட கேட்டுப் பாரு." மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்.

மணி ஒன்றானதும் காமினிக்கு 'தூங்கிட்டியா' என்று அனுப்பினேன். உடனே அவளே அழைத்தாள்.

"வலியில எங்க தூங்குறது? சொல்லு" என்றாள் கிசுகிசுப்பாக.

"நாளைக்கு மீட்டிங்."

"தெரியும். அப்பா சட்டைய தேய்ச்சு மாட்டி வச்சிருக்காரு."

"காமினி, தர காஞ்சிருந்துச்சுடி."

அவள் பக்கமிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கும் தெரியும்" என்றேன். "நீ வழுக்கல."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"பொய் சொல்லாத."

"நீ சொல்லலயா? நீதான மொதல்ல தலையாட்டுன?" கிசுகிசுப்பு உடைந்து குரல் எழும்பியது. உடனே அடக்கிக்கொண்டாள். "இப்ப என்னா, திடீர்னு நல்லவளா ஆயிட்டியா? நான் மடக்குனேன்னு தெரிஞ்சா என் நம்பர அடிச்சிருவாங்க. முப்பத்தொம்போது புள்ளி நாலு. அது இருக்குற வரைக்கும்தான் எனக்கு ஒரு எடம் இருக்கு. கால் சரியானதும் போகலாம்னு அப்பாவே சொல்லிட்டாரு. அது இல்லன்னா, கால் போனதுக்கு எனக்கு என்னாடி மிச்சம்?"

"அங்கிளுக்கு வேல போயிரும்."

"வேற வேல பாத்துக்குவாரு லா. அப்பா அப்படித்தான் சொன்னாரு."

"பதினாலு வருஷம்டி. கவனக்குறைவுன்னு எழுதி அனுப்புறாங்க. யாரு எடுப்பா?"

"உனக்கென்ன. உனக்கு ரெண்டு முட்டியும் நல்லாருக்கு."

அது உண்மை. பிறகு நான் சொன்னேன்.

"என்கிட்ட வீடியோ இருக்கு."

"ரெக்கார்ட் ஆகலன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அனுப்பு."

அனுப்பினேன். அழைப்பைத் துண்டிக்காமலே அவள் அதைப் போட்டாள். பதினொரு விநாடி. என் குரல் அவளுடைய கைப்பேசியிலிருந்து வெளியே வந்து என் காதுக்கே திரும்பி வந்தது. மடக்குடி. இன்னும் மடக்கு. அப்புறம் அந்தச் சத்தம். அவள் மறுபடி போட்டாள். மறுபடியும். நான்காவது முறை அந்தச் சத்தத்துக்கு முன்பாகவே நிறுத்திவிட்டாள்.

"தரையில லைட்டு மங்கலா தெரியுது" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஈரமா இருந்தா பளபளன்னு தெரியும்."

"ம்."

"நான் நெஜமாவே வழுக்குனேன்னுதான் நெனச்சேன்டி. கொஞ்ச நாளா. அப்படியே நெனச்சு நெனச்சு, அதுவே ஞாபகம் மாதிரி ஆயிருச்சு."

உமா அக்கா சொன்னதைச் சொன்னேன். அடுத்த முட்டியைப் பற்றிச் சொன்னேன். என் நாற்பத்தொன்றை அவர் அடித்துவிட்டதையும் சொன்னேன். "என்னோடது முப்பத்தஞ்சு புள்ளி எட்டு. உன்னோடதும் அது பக்கத்துலதான் இருக்கும். முப்பத்தொம்போது இல்ல. அது நம்மளோட நம்பரே இல்லடி."

அவள் அழுதாள். தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு அழுகிற சத்தம். நான் கூட அழலாமா என்று தெரியவில்லை. அந்த உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

"மன்னிச்சிரு" என்றேன்.

"மாட்டேன்" என்றாள். "இப்ப இல்ல." அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஒன்றரை மணி இருக்கும். கோச்சின் பெயரைத் திறந்து வைத்தேன். வீடியோவைச் சேர்த்தேன். 'தரை காய்ந்திருந்தது கோச். மடக்கச் சொன்னது நான்தான்' என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. இரண்டு முறை அழித்து இரண்டு முறை எழுதினேன். அப்போது காமினியிடமிருந்து எழுத்தில் வந்தது.

'கோச்சுக்கு அனுப்பாத. அவரு நல்லவருதான். ஆனா முட்டிய பாக்காம பெட்டிய பாத்தது அவருதான. நாளைக்கு காலைல வரைக்கும் அவரு யோசிப்பாரு. நீ எங்கப்பாவுக்கு அனுப்பு.'

அடுத்து அவருடைய எண். அடுத்து இன்னொன்று.

'அவரு முழிச்சிருக்காரு. ஹால்ல லைட் எரியுது.'

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அனுப்பிவிட்டேன். வீடியோவையும் அந்த இரண்டு வரியையும். கோச்சின் பெயர் இருந்த இடத்தில் அங்கிள் என்று மாற்றினேன், அவ்வளவுதான். அனுப்பிய பிறகுதான் பயமே வந்தது. இவ்வளவு நேரம் இருந்தது பயம் இல்லை போலிருக்கிறது. மாநிலக் குழுவில் என் பெயர் இருக்காது. காமினி என்னோடு பேசுவாளா தெரியாது. அம்மாவை எழுப்பலாமா என்று எழுந்தேன். எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்தத் தட்டின்மேல் இப்போது நின்றால் நூல்கண்டு எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

கைப்பேசி அதிர்ந்தது. சொக்கநாதன் அங்கிள்.

ஒருமுறை அடித்து நின்றது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. இரண்டு பாதத்தையும் தரையில் அகட்டி வைத்தேன். முட்டியை விறைப்பாக வைக்காமல் கொஞ்சம் தளர்த்தினேன். எடுத்தேன்.

"ஹலோ" என்றேன்.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. திட்டவில்லை. அந்தப் பக்கம் அதே பதினொரு விநாடி தாழ்ந்த சத்தத்தில் ஓடி முடிவது கேட்டது. பிறகு அவருடைய குரல், எப்போதும் போல உயராமல்.

"தர ஈரமா இருந்துச்சா?"

அதே கேள்வி. என் தலை தானாக அசைந்தது, இந்த முறை இடவலமாக. போனில் அது தெரியாது. வாயைத் திறந்தேன்.

"இல்ல அங்கிள். காஞ்சிருந்துச்சு. அவர் காலைலயே தொடச்சிட்டாரு. நான் பாத்தேன்."